எண்ணெய்க்குள் பேட்டரி: வாசகர் கேள்வி – பதில்

மின்வாகன பேட்டரியின் செல்களை மின்சாரம் கடத்தாத திரவத்தில் அப்படியே மூழ்கவைத்துச் சூட்டைத் தணிக்கும் முறை பற்றி, கடலூர், புதுச்சேரி வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒன்றையே பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வெள்ளத்தில் நின்ற மின்ஸ்கூட்டரை சார்ஜ் போடவே கூடாது என்கிறார்கள். அப்படியிருக்க, பேட்டரியைத் திரவத்தில் முக்கி வைப்பது எப்படிச் சாத்தியம்?
(பள்ளி ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: வெள்ளநீரில் உப்பும் சாக்கடைக் கழிவும் கரைந்திருக்கும்; அதனால் அது மின்சாரத்தைக் கடத்தும். 50 வோல்ட் பேட்டரிப் பேக்குக்குள் அந்த நீர் புகுந்தால், செல்களை இணைக்கும் ஒரு நிக்கல் பட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மின்னோட்டம் கசியும். நீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும், பட்டை அரிக்கும், பேட்டரியைக் கண்காணித்துக் கட்டுப்படுத்தும் பி.எம்.எஸ். பலகையில் பச்சை உப்பு படரும். இந்தச் சேதம் மெதுவாக முற்றி, சில நாட்கள் கழித்துக்கூடத் தீயாக வெளிப்படலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து கொட்டிய மழையைப் போல இன்னொன்று வந்து உங்கள் வண்டி நீரில் நின்றுவிட்டால், அது ஓடினாலும் ஓட்டாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். வீட்டிலிருந்து 15 மீட்டராவது தள்ளித் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

குளிரூட்டும் திரவங்களில் மின்சாரத்தைச் சுமந்து செல்லும் அயனிகள் ஏறத்தாழ இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் ஊற்றும் கனிம எண்ணெய், பி.ஏ.ஓ. என்ற செயற்கை ஹைட்ரோகார்பன் எண்ணெய், எஸ்டர் வகை (தாவர எண்ணெயிலிருந்தோ செயற்கையாகவோ தயாரிப்பது), சிலிகோன் எண்ணெய், ஃப்ளூரின் சேர்ந்த திரவங்கள் ஆகியவை இந்த வேலைக்கு வருபவை. கனிம எண்ணெயின் தரச் சோதனையில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகளை எண்ணெய்க்குள் வைத்து மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். சுத்திகரிக்காத புது எண்ணெய்கூட 30 கிலோவோல்ட் தாங்க வேண்டும். ஸ்கூட்டர் பேக்கின் 50, 60 வோல்ட் அதற்குமுன் ஒன்றுமே இல்லை.

கேள்வி: காற்று விசிறி, தண்ணீர் ஓடும் தட்டு ஆகியவற்றைவிட இது எவ்வளவு மேல்? ஒரு ஸ்கூட்டர் பேக்குக்கு எத்தனை லிட்டர் வேண்டும், பம்ப் அவசியமா? கணக்கோடு சொன்னால் புராஜெக்டுக்கு உதவும்.
(பொறியியல் மாணவர், லாஸ்பேட்டை)

பதில்: கணக்கோடே பார்ப்போம். 5 ஆம்பியர்-மணி கொண்ட 21700 ரக (21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் உயரம்) உருளைச் செல்கள் 168. 12 செல்கள் இணையாகவும், அப்படி 14 தொகுதிகள் தொடராகவும் இருக்கட்டும். பேக் 50 வோல்ட், 60 ஆம்பியர்-மணி, சுமார் 3 கிலோவாட்-மணி. செல் ஒன்றின் உள்மின்தடையை 25 மில்லி ஓம் என்று கொண்டால், பேக்கின் தடை 14 × 25 ÷ 12, அதாவது 29 மில்லி ஓம்.

60 ஆம்பியர் எடுத்தால் மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கி 105 வாட் வெப்பம். 120 ஆம்பியர் எடுத்தால் 420 வாட். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். வேகச் சார்ஜிங் என்றதும் குளிரூட்டல் பேச்சு எழுவதற்கு இந்த வர்க்கம்தான் காரணம். செல்களின் எடை சுமார் 11.8 கிலோ, ஒரு டிகிரி ஏற 11.8 கிலோஜூல் வேண்டும். வெப்பம் வெளியேறவே வழியில்லாவிட்டால் 420 வாட்டில் நிமிடத்துக்கு 2.1 டிகிரி ஏறும். மே மாதத்தில் 38 டிகிரியில் தொடங்கினால் பத்தே நிமிடத்தில் 59. பி.எம்.எஸ். பெரும்பாலும் 55 முதல் 60 டிகிரிக்குள் சக்தியைக் குறைத்துவிடும் அல்லது துண்டித்துவிடும்.

இனி திரவத்துக்கு வருவோம். செல்களின் மையத்துக்கு மையம் 23 மில்லிமீட்டர் வைத்துத் தேன்கூடு அடுக்கில் நிறுத்தினால், இடைவெளிகளும் மேலும் கீழும் 10 மில்லிமீட்டர் இடமும் ஓரங்களும் சேர்ந்து சுமார் 3.5 லிட்டர் பிடிக்கும். கனிம எண்ணெய் என்றால் 3 கிலோ. அது ஒரு டிகிரிக்குக் கூடுதலாக 5.8 கிலோஜூல் வெப்பத்தை உள்வாங்கும். ஆகவே எண்ணெய் சும்மா நின்றாலும் 2.1 டிகிரி ஏற்றம் 1.4 டிகிரியாகக் குறையும். இதைக் காட்டி "பம்ப் தேவையில்லை" என்று விற்பவர்கள் உண்டு, ஏமாறாதீர்கள். நிற்கும் எண்ணெய் நேரத்தைத்தான் வாங்கித் தருகிறது. வெப்பம் கடைசியில் பெட்டியின் சுவர் வழியாகத்தான் போக வேண்டும். 0.35 சதுர மீட்டர் பரப்புள்ள பெட்டி சுற்றுக்காற்றைவிட 15 டிகிரி சூடாக இருந்தால், இயல்பான காற்றோட்டத்தில் 50 வாட் அளவுக்குத்தான் வெளியேற்றும். ஊருக்குள் நிதானமாக ஓட்ட அது போதும். வேகச் சார்ஜிங்குக்கும் தொடர்ந்த அதிவேக ஓட்டத்துக்கும் போதாது.

பம்ப் வைத்தால் எவ்வளவு ஓட்டம்? ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு டிகிரிக்கு சுமார் 1.65 கிலோஜூல் சுமக்கும். உள்ளே நுழையும் எண்ணெய்க்கும் வெளிவரும் எண்ணெய்க்கும் 5 டிகிரி வித்தியாசம் அனுமதித்தால், 420 வாட்டுக்கு நிமிடத்துக்கு 3 லிட்டர் போதும். கன அளவுக்குக் கன அளவு காற்றைவிட எண்ணெய் ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் சுமக்கிறது. தண்ணீரோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. வெப்பம் கடத்துவதிலும் தண்ணீர்தான் முன்னே. ஆனால் தண்ணீர் செல்லைத் தொட முடியாது. தட்டு, ஒட்டும் பசை, மின்காப்புத் தாள் என மூன்று தடைகளைத் தாண்டித்தான் வெப்பம் அதை அடைகிறது. எண்ணெய் செல்லின் உடலையும், மிகச் சூடாகும் முனைகளையும் பட்டைகளையும் நேராகத் தொடுகிறது. உருளைச் செல்லுக்குள் சுருட்டிய படலங்கள் வழியாகக் குறுக்கே போவதைவிட நெடுக்கே வெப்பம் பல மடங்கு எளிதாகப் போகும் என்பதால், முனைகள் நனைவது பெரிய லாபம். செல்லுக்குச் செல் வெப்ப வேறுபாட்டை 5 டிகிரிக்குள் வைத்திருக்க முடிவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டரும் விசிறியும் சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்த எண்ணெயைத் தராது. கடலூர் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் எண்ணெய் அதற்கு மேல்தான் இருக்கும். அன்று 15 நிமிடத்தில் சார்ஜ் ஏற வேண்டுமென்றால் ஏ.சி. போன்ற குளிர்சாதனச் சுற்று ஒன்று கூடவே வேண்டும்.

இன்னொன்று, பெட்டியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். எண்ணெய் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.075 சதவீதம் விரியும். 25 டிகிரியில் ஊற்றிய 3.5 லிட்டர் 65 டிகிரியில் 100 மில்லி கூடியிருக்கும். அதற்கு இடமில்லாவிட்டால் முதலில் கேஸ்கெட் பிதுங்கும், பிறகு மூடி வளையும்.

கேள்வி: எங்கள் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் தாராளம். தாவர எண்ணெயை டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஊற்றுகிறார்கள் என்று படித்தேன். பேட்டரிக்கு ஊற்றலாமா? காயலான் கடையில் கிடைக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்?
(விவசாயி, பண்ருட்டி)

பதில்: டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் தாவர எஸ்டர், ஈரமும் கொழுப்பு அமிலமும் நீக்கி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்த்துத் தயாரிப்பது. செக்கெண்ணெயில் ஈரம், அமிலம், நுண்ணிய சக்கை எல்லாம் இருக்கும். 50 டிகிரியில் காற்றுப்பட நாள்கணக்கில் நின்றால் சிக்கெடுத்து, பிசினாகிச் செல்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும். 40 டிகிரியில் கனிம எண்ணெயின் பாகுத்தன்மை 10 என்றால் மல்லாட்டை எண்ணெய்க்கு 35க்கும் மேல். சிறிய பம்ப் திணறும். தேங்காய் எண்ணெயோ 24 டிகிரியில் உறைந்துவிடும், மார்கழிக் காலையில் ஓட்டமே இருக்காது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைத் தொடவே வேண்டாம். அமிலமும் ஈரமும் செம்பை அரிக்கும் கந்தகமும் அதில் சேர்ந்திருக்கும். மிகப் பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு. கையில் படுவதே கெடுதல்.

கேள்வி: மூழ்கல் முறை பேக் ஒன்று பழுதுக்கு வந்திருக்கிறது. எப்படித் திறப்பது, எதில் கவனம் வேண்டும்? வயர் முனையில் எண்ணெய் சொட்டுகிறது, ஆனால் பெட்டியில் எங்கும் ஓட்டை தெரியவில்லை.
(மின்வாகன மெக்கானிக், செம்மண்டலம்)

பதில்: சொட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வயர்தான். பல இழை வயரை எண்ணெய்க்குள்ளிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால், இழைகளுக்கு நடுவேயுள்ள நுண்ணிய சந்துகளில் எண்ணெய் ஏறி, காப்புறைக்கு உள்ளேயே நடந்து, மீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் கனெக்டரில் போய்ச் சொட்டும். கன்ட்ரோலர் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளே பளபளப்பாக எண்ணெய் நிற்கும். மேலே எத்தனை சுற்று டேப் ஒட்டினாலும் நிற்காது. பெட்டிச் சுவரில் இழையில்லாத கெட்டியான செம்பு முளையைப் பொருத்தி, சுற்றிலும் எபாக்சி ஊற்றி, உள்வயரை ஒரு பக்கமும் வெளிவயரை மறுபக்கமும் அதில் இணைக்க வேண்டும். வெப்பநிலை சென்சாரின் மெல்லிய வயர்களுக்கும் இதே வைத்தியம். அவற்றைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

திறக்கும் முன் சார்ஜை 20–30 சதவீதத்துக்கு இறக்குங்கள். மூடியைத் தளர்த்தியதும் நகப்பூச்சு மாதிரி இனிப்பான வாடை வந்தால் ஏதோ ஒரு செல் எலக்ட்ரோலைட்டைக் கசியவிடுகிறது. உடனே திறந்தவெளிக்குக் கொண்டுபோய், கையுறையோடு வேலை செய்யுங்கள். எண்ணெய் 35–40 டிகிரியில் இளகலாக இருக்கும்போது பெட்டியைச் சாய்த்து, ஈரமில்லாத எவர்சில்வர் கேனில் வடித்து உடனே மூடுங்கள். வடித்ததை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். மின்னும் பொடித் துகள் தெரிந்தால் அது ஸ்பாட் வெல்டிங்கில் தெறித்த நிக்கல். இரண்டு பட்டைகளுக்கு நடுவே அது போய்ச் சேர்ந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. வடிகட்டாமல் திருப்பி ஊற்றக் கூடாது.

செல்லை மாற்றி வெல்டிங் செய்யும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடையுங்கள். எண்ணெய்ப் படலம் மிச்சமிருந்தால் பட்டை ஒட்டியதுபோல் தெரிந்து, கையால் இழுத்தால் உரிந்து வரும். ஆல்கஹால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் பொறி பறக்க வேண்டும். அது உடனே பற்றிக்கொள்ளும் சரக்கு.

பொருள்களைப் பொறுத்தவரை, கனிம எண்ணெயிலும் பி.ஏ.ஓ.விலும் நைட்ரைல் ரப்பர் கேஸ்கெட் நிற்கும். எஸ்டருக்கு எஃப்.கே.எம். ரப்பர் நம்பகமானது. கார் ரேடியேட்டர் ஹோஸுக்கு வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் கனிம எண்ணெயில் ஊதிவிடும். சாதாரண சிலிகோன் சீலன்ட் இளகும், ஹாட் குளூ விட்டுவிடும், கேப்டன் (Kapton) டேப்பின் பசை நாளடைவில் கழன்று டேப் மிதக்கும். பி.வி.சி. சுருக்குறையிலிருந்து மென்மையாக்கும் பொருள் எண்ணெயில் கரைந்து வந்துவிடும். உறை விறைத்து வெடிக்கும், எண்ணெயும் கெடும். பி.எம்.எஸ். பலகையை எண்ணெய்க்கு வெளியே வைப்பதே நல்லது, ஏனென்றால் அதிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் அடி ரப்பர் ஊதிக் கசியும். எந்த ரப்பர், எந்தப் பசை என்று சந்தேகமானால் ஒரு துண்டை எடைபோட்டு, தடிமன் அளந்து, அதே திரவத்தில் 60 டிகிரியில் ஒரு வாரம் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

திருப்பி நிரப்பும்போது கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள். மேலிருந்து கொட்டினால் பட்டைகளுக்கு அடியில் காற்றுக் குமிழ் சிக்கும், அந்த இடம் மட்டும் கொதிக்கும். பெட்டியை இரு பக்கமும் சாய்த்துத் தட்டி, ஓரிரவு நிற்கவிட்டு, மட்டம் இறங்கினால் அதே திரவத்தை ஊற்றுங்கள். வேறு வகையைக் கலக்காதீர்கள். கேஸ்கெட்டைத் திறந்த ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். கடைசியில் பி.எம்.எஸ். இணைப்பைக் கழற்றிவிட்டு, பேக்கின் முனைக்கும் உலோகப் பெட்டிக்கும் நடுவே 500 வோல்ட் மெகர் வைத்துக் காப்புத்தடை பாருங்கள். வோல்ட்டுக்கு 100 ஓம் என்பது சட்டக் குறைந்தபட்சம். நல்ல எண்ணெய் உள்ள பேக் மெகாஓமில் காட்டும். அளவைக் குறித்துவைத்து அடுத்த சர்வீஸில் ஒப்பிடுங்கள். விழுந்திருந்தால் ஈரமோ துகளோ உள்ளே இருக்கிறது.

கேள்வி: ஃபைபர் படகுக்கு மின் எஞ்சின் போட யோசனை. உப்புக்காற்றில் இந்த முறை தாங்குமா?
(படகு உரிமையாளர், கடலூர் முதுநகர்)

பதில்: தரைவண்டியைவிடப் படகுக்குத்தான் இது பொருத்தம் என்பது எங்கள் கணிப்பு. நிக்கல் பூசிய இரும்புப் பட்டைகள் உப்புக்காற்றில் ஒரே பருவத்தில் துருப்பிடிக்கும். எண்ணெய்க்குள் உப்பு அண்டாது. வெப்பத்தைக் கொட்டக் கடலே இருக்கிறது. ஆனால் கடல்நீரை அலுமினியக் குழாயில் ஓடவிடாதீர்கள், அரித்துவிடும். செம்பு-நிக்கல் கலப்புக் குழாய் வையுங்கள். எண்ணெய்க்கும் கடல்நீருக்கும் நடுவே கிளைகால் (ரேடியேட்டர் நீரில் சேர்க்கும் திரவம்) கலந்த நல்ல நீர்ச் சுற்று ஒன்று இருந்தால், குழாய் ஓட்டையானாலும் உப்புநீர் பேக்குக்குள் போகாது. கசிந்தால் உப்பனாற்று முகத்துவாரத்தில் எண்ணெய் படரக் கூடாது என்பதற்காக, எளிதில் மட்கும் எஸ்டரைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் கடற்கரையில் உண்மையான எதிரி ஈரப்பதம். பகலில் எண்ணெய் விரிந்து காற்றை வெளியே தள்ளும், இரவில் சுருங்கி ஈரக்காற்றை உள்ளிழுக்கும். தெரு டிரான்ஸ்ஃபார்மரில் நீல நிறக் குருணை போட்ட சிறு குடுவை தொங்குவது இதற்காகத்தான். சிலிக்கா ஜெல் என்ற அந்தக் குருணை ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். படகில் அதைவிட, பெட்டியை முழுக்க மூடி, விரிவைத் தாங்க ரப்பர் பை ஒன்றை உள்ளே வைப்பது மேல். கனிம எண்ணெய் அறை வெப்பத்தில் பத்து லட்சத்தில் 50, 60 பங்கு நீரிலேயே நிறைந்துவிடும். செயற்கை எஸ்டர் 2,000க்கு மேல் தாங்கும். கனிம எண்ணெயின் காப்பைக் கெடுக்கும் அதே அளவு ஈரம் எஸ்டரை அசைக்காது. விலை கூடினாலும் கடலோரத்துக்கு எஸ்டர் என்று சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

கேள்வி: எண்ணெய் எரியும் பொருளாயிற்றே! இதனால் தீ ஆபத்து கூடுமா, குறையுமா?
(இல்லத்தரசி, முதலியார்பேட்டை)

பதில்: ஒரு செல்லுக்குள் உற்பத்திக் கோளாறால் உள்குறுக்குச்சுற்று ஏற்பட்டால் அதை எந்தத் திரவமும் தடுக்காது. அந்தச் செல்லின் சூடு பக்கத்துச் செல்லைக் கொளுத்தி, அது அடுத்ததைக் கொளுத்தி என்று பரவுவதைத்தான் இந்த முறை தடுக்கிறது. சுற்றியுள்ள திரவம் வெப்பத்தை வாங்கிப் பல செல்களுக்குப் பகிர்ந்துவிடுவதால், அண்டைச் செல் ஆபத்தான சூட்டை எட்டாமல் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழுதான செல் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, சிறிதளவு ஹைட்ரஜன் ஃப்ளூரைடு எல்லாம் கலந்த வாயுவைப் பீறிட்டு விடும். வாயு வெளியேறும்போது எண்ணெயையும் பனிபோல அடித்துக்கொண்டு போகும், வெளிக்காற்றில் அது பற்றலாம். ஆகவே அழுத்தம் விடும் வழி கட்டாயம் வேண்டும். அது ஓட்டுபவர் காலுக்கோ இருக்கைக்கோ நேராக இருக்கக் கூடாது. கனிம எண்ணெய் 140 டிகிரி அளவிலேயே தீப்பற்றும் ஆவியைத் தரும். செயற்கை எஸ்டருக்கு 250 டிகிரிக்கு மேல் ஆக வேண்டும். வீட்டுக்குள் நிறுத்தும் வண்டிக்குக் கனிம எண்ணெய் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பேக்கிலிருந்து புகை வந்தால் எதையும் அணைக்க முயலாமல் எல்லோரையும் வெளியேற்றி 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

கேள்வி: இந்த முறை எந்த வண்டியில் உண்மையிலேயே ஓடுகிறது?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: 2018இல் அறிமுகமான மெக்லாரன் ஸ்பீட்டெயில் காரின் பேட்டரிச் செல்கள் மின்காப்பு எண்ணெயில் மூழ்கியவை. 2021இல் வந்த மெர்சிடீஸ்-ஏ.எம்.ஜி. ஜி.டி. 63 எஸ் ஈ பெர்ஃபாமன்ஸ் காரில் 6.1 கிலோவாட்-மணி பேட்டரி; 560 செல்களைச் சுற்றி 14 லிட்டர் திரவம் ஓடி, சராசரியாக 45 டிகிரியில் வைத்திருக்கும். சிறிய பேட்டரியிலிருந்து பெரிய சக்தியைச் சில நொடிகளில் பிழிந்தெடுக்க வேண்டிய வண்டிகள் இவை. கொதித்து ஆவியாகிக் குளிர்விக்கும் ஃப்ளூரின் திரவங்கள் ஒரு காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டன. 3எம் நிறுவனம் அந்த வகை வேதிப்பொருள்களின் தயாரிப்பை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்த பிறகு பலரும் எஸ்டர், பி.ஏ.ஓ. பக்கம் திரும்பிவிட்டார்கள்.

கேள்வி: என் ஸ்கூட்டர் பேட்டரியைத் திறந்து நானே எண்ணெய் நிரப்பலாமா? கோடையில் மிகவும் சூடாகிறது.
(தனியார் நிறுவன ஊழியர், அரியாங்குப்பம்)

பதில்: கூடாது. காற்றுக்காக வடிவமைத்த பேக்கின் பசை, டேப், உறை, வயர் எதுவுமே எண்ணெய்க்கு ஏற்றதில்லை. தவிர, இருசக்கர மின்வண்டிப் பேட்டரிகள் ஏ.ஐ.எஸ். 156 விதியின்படி நீர்புகாமை, வெப்பப் பரவல், அழுத்தம் விடும் வழி உள்ளிட்ட சோதனைகளைக் கடந்து அனுமதி பெற்றவை. திறந்து மாற்றினால் அந்த அனுமதியும் வாரண்டியும் போகும், காப்பீட்டிலும் சிக்கல் வரும். ஊருக்குள் ஓடும் ஸ்கூட்டருக்கு மூழ்கல் முறை தேவையும் இல்லை. நிழலில் நிறுத்துங்கள். ஓட்டி வந்ததும் சார்ஜரைச் செருகாமல் முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். கோடையில் இரவிலோ விடியற்காலையிலோ சார்ஜ் போடுங்கள். அடுத்த வண்டி வாங்கும்போது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைச் செல் உள்ளதைப் பாருங்கள், சூட்டை அது நன்றாகத் தாங்கும்.

கேள்வி: வடித்த பழைய திரவத்தை என்ன செய்வது?
(பேட்டரிக் கடைக்காரர், நெல்லிக்குப்பம்)

பதில்: சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது, கழிவு எண்ணெய் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வரும். வகைவாரியாகத் தனித்தனி கேனில் மூடி, பெயரும் தேதியும் ஒட்டி, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ரசீதோடு கொடுங்கள். கசிந்த செல்லோடு இருந்த திரவத்தைத் தனியாக வைத்து, அதைச் சொல்லியே கொடுங்கள்.